ஏஐ எழுதிய பேட்சில் யாருடைய கையெழுத்து?

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் உள்ள ஒரு சென்சார் டிரைவருக்கு ஏஐ எழுதிய பேட்ச், அதாவது ஒரு சிறு நிரல் மாற்றம், வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தமே மூன்று வரி. சாதனத்தைத் தொடங்கிவைக்கும் புரோப் ஃபங்ஷனில் ஏதாவது தவறினால் வெளியேறும் பாதையில், நினைவகத்தை விடுவிக்கும் கேஃப்ரீ ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். விளக்கமும் பளிச்சென்று இருக்கிறது: பிழை நேரும்போது நினைவகம் விடுவிக்கப்படாமல் கசிகிறது, இந்த பேட்ச் அதைச் சரிசெய்கிறது. கம்பைல் ஆகிறது. செக்பேட்ச் ஸ்கிரிப்ட் ஒரு குறையும் சொல்லவில்லை. போர்டு பூட் ஆகிறது, சென்சார் வேலை செய்கிறது. அடியில் முறைப்படி, அனுப்பியவரின் கையெழுத்தாக ஒரு சைன்ட்-ஆஃப்-பை வரி.

பத்து வரி மேலே போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். அந்த நினைவகத்தை வாங்கியது டெவ்எம்_கேசட்அலாக். டெவ்எம் குடும்பத்து ஃபங்ஷன்கள் நினைவகத்தைச் சாதனத்தோடு முடிச்சுப் போட்டு வைப்பவை. புரோப் தோற்றால் டிரைவர் கோர் தானாகவே அதை விடுவித்துவிடும். ஆக, கசிவு என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை. சேர்த்த கேஃப்ரீதான் புது வழு. இரண்டு முறை விடுவிப்பதோடு அது நிற்பதில்லை. டெவ்எம் தரும் முகவரி, ஒதுக்கிய துண்டின் தொடக்கம் கிடையாது. அதற்கு முன்னால் கணக்கு வைத்துக்கொள்ள ஒரு தலைப்புப் பகுதி இருக்கிறது. துண்டின் நடுவில் இருக்கும் முகவரியைக் கேஃப்ரீயிடம் கொடுத்தால் ஒதுக்கீட்டுக் கட்டமைப்பே குலைந்துபோகலாம். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசான் கருவியைப் போட்டுக் கட்டிய கெர்னலில் அந்தப் பாதை ஓடினால் உடனே கத்தும். ஆனால் பாதை ஓட வேண்டுமே! எல்லாம் நல்லபடியாகப் பூட் ஆகிற மேசையில் அது ஓடாது. மின்சாரம் தரும் ரெகுலேட்டர் டிரைவர் இன்னும் தயாராகாததால் புரோப் தள்ளிப்போடப்படுகிற ஏதோ ஓர் ஆர்ம் போர்டில்தான் ஓடும்.

மனிதர்களும் இந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள். மொழி மாதிரி ஏன் இதில் எளிதாக விழுகிறது என்பதும் புரியாத விஷயமில்லை. ஒதுக்கு, தவறினால் விடுவி என்பது சி நிரல்களில் ஆயிரக்கணக்கான இடங்களில் திரும்பத் திரும்ப வரும் வடிவம். கண் முன்னே இருக்கும் முப்பது வரியில் அந்த வடிவம் குறைந்தால் நிரப்பத் தோன்றும். வித்தியாசம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. "இது டெவ்எம் ஆயிற்றே, ஏன் கேஃப்ரீ?" என்று அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னர் கேட்கிறார். தானே எழுதியவர் என்றால் அசடு வழிந்துகொண்டு திரும்பப் பெறுவார், அடுத்த முறை அந்தத் தப்பு வராது. மெயின்டெய்னர் செலவிட்ட இருபது நிமிடத்துக்கு அதுதான் கூலி. இன்னொரு வகை ஆள், கேள்வியை அப்படியே சாட் பெட்டியில் ஒட்டுகிறார். "நீங்கள் சொல்வது மிகச் சரி" என்று தொடங்கும் பதிலோடு இரண்டாம் பதிப்பு வருகிறது. அதில் கேஃப்ரீ போய் டெவ்எம்_கேஃப்ரீ உட்கார்ந்திருக்கும். இந்த முறை வெடிக்காது, தேவையும் இல்லை.

இந்த இடத்தில் "ஏஐ பயன்படுத்தினாயா இல்லையா" என்பது எனக்கு இரண்டாம் பட்சமாகத்தான் படுகிறது. கையெழுத்துப் போட்டவரிடம் கேட்டால் பதில் வருமா என்பதே முதல் கேள்வி. அந்தக் கையெழுத்து எப்படி வந்தது என்று தெரிந்தால் மீதிக் குழப்பம் பாதி தீரும்.

2003 மார்ச்சில் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மீது வழக்குப் போட்டது. யூனிக்ஸ் சார்ந்த தன்னுடைய சரக்கு லினக்ஸுக்குள் போய்விட்டது என்பது குற்றச்சாட்டு. அப்போது கெர்னலில் ஒரு குறிப்பிட்ட வரி யார் வழியாக உள்ளே வந்தது என்று காட்ட ஒழுங்கான ஏடு இல்லை. 2004 மே மாதம் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு ஏற்பாட்டை முன்வைத்தார். அதுதான் டிசிஓ எனப்படும் மூலச் சான்றிதழ். வக்கீல் வேண்டாம், ஒப்பந்தம் வேண்டாம். பேட்சின் அடியில் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட ஒரு சைன்ட்-ஆஃப்-பை வரி போதும். அந்த ஒற்றை வரி நான்கு விஷயங்களுக்குச் சாட்சி சொல்கிறது. முதல் மூன்றில் ஏதாவது ஒன்று பொருந்த வேண்டும்: முழுதாகவோ பகுதியாகவோ நான் எழுதினேன், கொடுக்க எனக்கு உரிமை உண்டு, அல்லது பொருத்தமான திறந்த உரிமம் உள்ள பழைய படைப்பின் மேல் கட்டியது, அல்லது இப்படிச் சான்று சொன்ன வேறொரு நபர் கொடுத்தார், நான் மாற்றவில்லை. நான்காவது எல்லோருக்கும் பொது: இது காலவரையின்றிப் பொது ஏட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவதில் உள்ள "நபர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். மாதிரி நபர் இல்லை, அது எதற்கும் சான்று சொல்லவும் முடியாது. இரண்டாவதும் ஏஐ வெளியீட்டுக்கு வழுக்குகிறது, ஏனென்றால் எந்தப் பழைய படைப்பு, என்ன உரிமம் என்று கருவி சொல்வதில்லை. மிஞ்சுவது முதலாவது: "பகுதியாக நான் எழுதினேன்." அந்தப் பகுதி எவ்வளவு என்பதில்தான் இப்போது திட்டங்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. மெய்நிகர் கணினி மென்பொருளான க்யூஇஎம்யு 2025 ஜூனில், இந்தச் சான்றிதழை மனசாட்சியோடு கொடுக்க முடியாது என்ற காரணத்தைச் சொல்லியே ஏஐ எழுதிய நிரலை ஏற்பதில்லை என்று வைத்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 2024 ஏப்ரலில் ஜென்டூ லினக்ஸும் மே மாதத்தில் நெட்பிஎஸ்டி இயங்குதளமும் கதவைச் சாத்திவிட்டன. ஃபெடோரா லினக்ஸ் 2025 அக்டோபரில் எதிர்ப்பக்கம் போனது: பயன்படுத்தலாம், ஆனால் எழுத்தாளர் நீங்கள்தான், முழுப் பொறுப்பும் உங்கள் தலையில்.

தடையைப் பார்த்துச் சிரிப்பவர்கள், "எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேட்கிறார்கள். கண்டுபிடிக்க முடியாதுதான். ஏஐ கண்டறியும் கருவிகள் என்று விற்கப்படுபவை ஒழுங்காக எழுதும் மனிதர்களையும் திருடன் என்று சொல்லிவிடும், அவற்றை நம்பி யாரையும் குற்றம் சாட்டக் கூடாது. ஆனால் தடை பிடிப்பதற்காக மட்டும் போடப்படுவதில்லை. விதி எழுதியிருக்கும்போது மறைத்துக் கொடுத்தவர் பொய்ச் சான்று கொடுத்தவர் ஆகிறார், பொறுப்பு அவர் பக்கம் நகர்கிறது. ஐந்தாறு பேர் நடத்தும் சிறு திட்டம் தடை போட்டால் நான் குறை சொல்லமாட்டேன்.

இனி நடைமுறை. பலர் விழும் குழி, நிரல் மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் கருவியில், ஒரு மாற்றத்தைப் பதியும் கமிட் கட்டளையோடு போடும் மைனஸ் எஸ் கொடி. அது உங்கள் கிட் அமைப்பில் உள்ள பெயரை எடுத்துச் சைன்ட்-ஆஃப்-பை வரியாக எழுதும், அவ்வளவுதான். யார் விசையை அழுத்தினார்கள் என்று அதற்குத் தெரியாது. டெர்மினலுக்குள் ஓடும் ஏஐ ஏஜென்ட் உங்கள் கணினியில் உங்கள் பெயரில் கமிட் செய்கிறது. திட்டத்தின் பழைய கமிட்களைப் பார்த்து "ஓ, இங்கே இப்படி ஒரு வரி போடுவார்கள்" என்று அதுவே மைனஸ் எஸ் சேர்த்துக்கொள்கிறது. நீங்கள் இன்னும் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. உங்கள் சத்தியம் மட்டும் தயார். கிட்ஹப்பில் கையெழுத்தைச் சோதிக்கும் டிசிஓ தானியங்கியும் அதை ஏற்கும், ஏனென்றால் அது பார்ப்பது எழுத்தாளர் பெயரும் கையெழுத்துப் பெயரும் ஒன்றா என்பதை மட்டுமே.

தீர்வு சுலபம். ஏஜென்டுக்குக் கொடுக்கும் விதிக் கோப்பில் கையெழுத்து வரி போடாதே என்று எழுதிவிடுங்கள். அது கமிட் செய்யட்டும், கையெழுத்தில்லாமல். நீங்கள் ஒவ்வொரு கமிட்டையும் படித்து, திருத்தி, சோதித்து முடித்தபின் கடைசியாக கிட் ரீபேஸ் கட்டளையை சைன்-ஆஃப் கொடியோடு, அடிப்படைக் கிளையைச் சுட்டி ஓட்டினால் அத்தனை கமிட்களிலும் ஒரே வீச்சில் கையெழுத்து ஏறும். மின்னஞ்சலில் பேட்ச் அனுப்புபவர்கள் ஃபார்மேட்-பேட்ச் செய்யும்போது மைனஸ் எஸ் போடலாம். எப்படிச் செய்தாலும் படித்து முடித்த பிறகே கையெழுத்து. கெர்னலின் ஆவணத்தில் ஏஐ கருவிகளுக்கென்று இருக்கும் பக்கமும் இதைத்தான் கண்டிப்பாகச் சொல்கிறது: ஏஜென்ட் சைன்ட்-ஆஃப்-பை சேர்க்கக் கூடாது, சட்டப்படி அதைச் சொல்ல மனிதரால் மட்டுமே முடியும்.

அப்படியானால் கருவியின் பெயரை எங்கே எழுதுவது? சில ஏஜென்ட்கள் கோ-ஆத்தர்ட்-பை என்று தங்கள் பெயரை இணை எழுத்தாளராகத் தாங்களே போட்டுக்கொள்கின்றன. கிட்ஹப்பும் படத்தோடு அதைப் பங்களிப்பாளர் வரிசையில் காட்டுகிறது. எனக்கு இது ஒட்டவே இல்லை. இணை எழுத்தாளர் என்றால் நாளை வழு வந்தால் அவருக்கும் கடிதம் போட முடியவேண்டும். கெர்னலில் இந்த விஷயம் ஏற்கெனவே கறாராக இருந்தது: கோ-டெவலப்ட்-பை என்று ஒருவரைச் சேர்த்தால் அடுத்த வரியிலேயே அவருடைய சைன்ட்-ஆஃப்-பை வந்தாக வேண்டும். கையெழுத்துப் போட முடியாத ஒன்றுக்கு அந்த வரியில் இடமில்லை. எனவே புதிதாக அசிஸ்டட்-பை என்று ஒரு வரி. வடிவம் இதுதான்: கருவியின் பெயர், முக்காற்புள்ளி, மாதிரியின் பதிப்பு, அதன்பின் காக்சினெல், ஸ்பார்ஸ் போன்ற தனிப் பகுப்பாய்வுக் கருவிகள் ஏதும் இருந்தால் அவை. கிட், ஜிசிசி, மேக், எடிட்டர் எல்லாம் எழுத வேண்டாம். ஃபெடோராவும் கம்பைலர் திட்டமான எல்எல்விஎம்மும் இதே அசிஸ்டட்-பை பெயரையே எடுத்துக்கொண்டது நல்லதாயிற்று.

பதிப்பு எண் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். ஒரு குறிப்பிட்ட மாதிரி ஒரே வகைத் தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்று ஓராண்டு கழித்துத் தெரிந்தால், அந்த ஒரு வரியைத் தேடி கமிட்களைத் திரட்டி மறுபடி பார்க்கலாம். "ஏஐ உதவியது" என்று மட்டும் எழுதினால் அதற்கு வழியில்லை.

இந்த வரிகள் பிழைத்திருக்க இரண்டு சின்ன விஷயம். டிரெய்லர் எனப்படும் இந்த அடிவரிகள் செய்தியின் கடைசிப் பத்தியாக, மேலே ஒரு வெற்று வரி விட்டு, இடையில் வெற்று வரி இல்லாமல் இருக்கவேண்டும். நடுவில் ஒரு வெற்று வரி விழுந்தால் கிட் அதற்குக் கீழே உள்ளதை மட்டுமே டிரெய்லராக எடுக்கும். அடுத்தது ஸ்குவாஷ் மெர்ஜ், அதாவது பல கமிட்களை ஒன்றாக்கிச் சேர்ப்பது. மாற்றத்தைச் சேர்க்கக் கேட்டு அனுப்பும் புல் ரிக்வெஸ்டின் தலைப்பை மட்டும் கமிட் செய்தியாக்கும்படி ரெப்போவில் அமைத்திருந்தால் உங்கள் அசிஸ்டட்-பை காணாமல் போகும். நேர்மையாக எழுதியவர் ஏட்டில் மறைத்தவர் போல நிற்பார். மெயின்டெய்னர்கள் ஒருமுறை அந்த அமைப்பைத் திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. என்ன கேட்டு இந்த நிரலை வாங்கினீர்கள், எதை மாற்றினீர்கள் என்ற நீண்ட கதையை, மின்னஞ்சல் பேட்ச் என்றால் மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதுங்கள். ரிவியூ செய்பவர் படிப்பார், கிட் வரலாற்றில் ஏறாது.

எல்லாவற்றையும் சொல்லவேண்டுமா? வேண்டாம். எழுத்துப்பிழை, இலக்கணம் திருத்தியது, பெயரைப் பாதி அடிக்கும்போது மீதியை நிரப்பியது, மாறியின் பெயரை எல்லா இடத்திலும் மாற்றியது போன்றவற்றைக் கெர்னலின் வழிகாட்டுதல் கணக்கிலேயே எடுப்பதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறுகிறது என்று கமிட் செய்தியைச் சாட் பெட்டியில் கொடுத்து மெருகேற்றுகிறவர்கள் நிறைய. மெருகு ஏறினால் பரவாயில்லை. ஆனால் மூன்று வரிப் பேட்சுக்கு நாற்பது வரிப் பாராட்டுரை வந்துவிடுகிறது, "வலுவான", "விரிவான" என்று. உடைந்த ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் எழுதுங்கள். எந்த மெயின்டெய்னரும் அதைத்தான் விரும்புவார்.

மொழிபெயர்ப்புப் பக்கம் வந்தால் இந்தப் பிரச்சினைக்கு ஒரு பழைய விடை கையிலேயே இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. தமிழாக்கத்தில், மென்பொருளை மொழிபெயர்க்க உதவும் கெட்டெக்ஸ்ட் கருவித்தொகுப்பின் பிஓ கோப்புகளைத் தொட்டவர்களுக்கு ஃபஸ்ஸி குறி பழக்கம். மூல ஆங்கிலச் சரம் மாறும்போது அதிலுள்ள எம்எஸ்ஜிமெர்ஜ் என்ற நிரல், கிட்டத்தட்ட ஒத்த பழைய மொழிபெயர்ப்பை எடுத்து வந்து வைக்கும், மேலே ஃபஸ்ஸி என்று ஒட்டும். "கீற்றை மூடு" (கீற்று என்றால் டேப்) இருந்த இடத்தில் மூலம் "எல்லாக் கீற்றுகளையும் மூடு" என்று மாறியிருக்கலாம். இயந்திரம் பழையதையே நீட்டுகிறது. முக்கியமானது அடுத்தது: கோப்பைத் தொகுக்கும் எம்எஸ்ஜிஎஃப்எம்டி இயல்பாக ஃபஸ்ஸி சரங்களைத் தொகுப்பில் சேர்க்காது. மனிதர் ஒருவர் பார்த்து அந்தக் குறியை நீக்கும்வரை பயனருக்கு ஆங்கிலமே தெரியும். இயந்திரத்தின் ஊகம் ஊகமாகவே நிற்கிறது. குறியை நீக்குவதுதான் கையெழுத்து.

ஆனால் ஏஐ கொண்டு நிரப்பிய பிஓ கோப்புகள் ஃபஸ்ஸி குறியே இல்லாமல் வருகின்றன. ஐந்நூறு சரம், ஒரே கமிட். வட்டில் காலியாக உள்ள இடத்தைச் சொல்லவேண்டிய இடத்தில் "இலவசம்: 20 ஜிபி" என்று இருக்கும், ஃப்ரீ என்ற சொல் செய்த வேலை. அதையாவது படித்தால் சிரிப்பு வந்து கண்டுபிடிக்கலாம். இதைப் பாருங்கள்: "10 கோப்புகளில் 3 நகலெடுக்கப்படுகிறது" என்று வரவேண்டிய சரம். ஆங்கிலத்தில் முதலில் மூன்று, பிறகு பத்து, தமிழில் தலைகீழ். எனவே எண் வரும் இரண்டு இடங்களுக்கும் டாலர் குறியோடு வரிசை எண் கொடுத்து, இரண்டாவது முதலில் வரட்டும் என்று எழுதவேண்டும். மாதிரி அழகாகத் தமிழ் வாக்கியத்தை எழுதிவிட்டு வரிசை எண்ணை மறந்தால் திரையில் "3 கோப்புகளில் 10 நகலெடுக்கப்படுகிறது". ஓர் இடம் எண், மற்றது எழுத்துச் சரம் என்றால் எம்எஸ்ஜிஎஃப்எம்டியை மைனஸ் சி போட்டு ஓட்டினாலே வகை பொருந்தவில்லை என்று பிடித்துவிடும். இரண்டும் எண் என்றால் பிடிக்காது. தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஓடும் நிரலில் பார்த்தால்தான் உண்டு. பிஓ கோப்பின் தலைப்பில் கடைசி மொழிபெயர்ப்பாளர் என்று ஒரு பெயர் இருக்கிறதே, அவர் பார்த்தாரா? ஏஐ தந்த சரங்களை ஃபஸ்ஸியாகவே உள்ளே விட்டு, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது என்று பார்த்துக் குறி நீக்கும் வழக்கத்தைத் தமிழ்க் குழுக்கள் விதியாகவே வைத்துக்கொள்ளலாம். புதுக் கருவி எதுவும் தேவையில்லை.

பொறுப்பில்லாமல் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, இணையத்தில் தரவு பரிமாற உதவும் கருவியான கர்ல் திட்டம் சாட்சி. பாதுகாப்பு வழு கண்டால் பணம் என்று 2019 முதல் ஒரு பரிசுத் திட்டம் வைத்திருந்தார்கள். இல்லாத ஃபங்ஷனில் இல்லாத ஓட்டையைக் கண்டுபிடித்த அறிக்கைகள் வந்து குவிந்தன. 2025 மே மாதம் ஏஐ பயன்படுத்தினீர்களா என்ற கேள்வியைப் படிவத்தில் சேர்த்தார்கள். கடைசியில் 2026 ஜனவரியோடு பரிசையே நிறுத்திவிட்டார்கள். இதே கர்லில், 2025 இலையுதிர் காலத்தில் ஓர் ஆய்வாளர் ஏஐ பகுப்பாய்வுக் கருவிகளைக் கொண்டு எடுத்த நீண்ட பட்டியலிலிருந்து சுமார் 50 திருத்தங்கள் உள்ளே போயின, கர்லை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் அதை வெளிப்படையாகப் பாராட்டினார். இரண்டு தரப்பிடமும் ஒரே வகைக் கருவிதான். ஒருவர் வடிகட்டி அனுப்பினார். மற்றவர்கள் வடிகட்டும் வேலையை மெயின்டெய்னர் தலையில் கட்டினார்கள்.

அனுப்பும் முன் வடிகட்டுவது எப்படி? கிட் ஆட் கட்டளையை மைனஸ் பி போட்டு ஓட்டி, துண்டு துண்டாகப் படியுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இது எதற்கு என்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை என்றால் அதைச் சேர்க்காதீர்கள். கேட்காத இடத்தில் ஏஜென்ட் செய்த "சீரமைப்பு"களைத் தயங்காமல் தூக்குங்கள். புதிய டெஸ்ட் இருந்தால், திருத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு டெஸ்டை ஓட்டுங்கள், அப்போது தோற்கவேண்டும். திருத்தம் இல்லாமலே தேறுகிற டெஸ்ட், ஏஐ எழுதியவற்றில் அடிக்கடி கண்ணில் படும் வகை. புது பேக்கேஜ் ஒன்றை இறக்குமதி செய்திருந்தால் அப்படி ஒன்று இருக்கிறதா, எப்போது பதிவானது, யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். 16 மொழி மாதிரிகளை வைத்து 5,76,000 நிரல் துண்டுகளில் செய்த ஓர் ஆய்வில், பரிந்துரைத்த பேக்கேஜ்களில் 19.7 சதவீதம் உலகத்திலேயே இல்லாதவை. அந்தப் பெயரை யாராவது முந்திக்கொண்டு பதிந்து, உள்ளே விஷம் வைத்துவிட முடியும். இருக்கிறது என்பதால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது. கெர்னல் பேட்ச் என்றால் பிழைப் பாதைகளை வலிய ஓட்டும் ஃபெயில்ஸ்லாப் வசதியும் கேசானும் சேர்ந்து, மேலே சொன்ன கேஃப்ரீயைப் பிடித்திருக்கும்.

மெயின்டெய்னர் பக்கம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சந்தேகம் வந்தால் "ஏஐயா?" என்று கேட்காமல், நிரலைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த லாக் ஏன் லூப்புக்கு வெளியே? பதில் வந்தால் ரிவியூவைத் தொடருங்கள். சாட் பெட்டியின் மணம் வீசும் நான்கு பத்தி வந்தால் மூடிவிடலாம். எல்எல்விஎம்மின் விதி இதற்குத் துணை நிற்கும்: ரிவியூ கேட்கும் முன் எழுத்தாளர் முழுதும் படித்திருக்கவேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியவேண்டும். புதியவர்களுக்கென்று ஒதுக்கிய எளிய வழுக்களை ஏஐ கொண்டு தீர்க்கவும் அங்கே அனுமதியில்லை. அந்த வழுக்கள் ஆள் தயாரிக்க வைத்திருப்பவை. மெயின்டெய்னரே ஏஐயிடம் ரிவியூவை விட்டுவிட்டு ரிவ்யூட்-பை என்று தன் பெயரைப் போட்டால் அதுவும் இதே பொய்தான். ஃபெடோரா இதையும் யோசித்து, இறுதித் தீர்ப்பை ஏஐ சொல்லக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது.

பதிப்புரிமைப் பக்கம் இன்னும் கலங்கலாக இருக்கிறது. வெறும் கட்டளை வாக்கியம் கொடுத்து வாங்கிய வெளியீட்டுக்குப் பதிப்புரிமை கிடைக்காது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரி அறிக்கையில் சொன்னது. கெர்னலின் உரிமமான ஜிபிஎல் நிற்பதே பதிப்புரிமையின் மேல். ஆகவே மனிதர் எதை மாற்றினார், எதைத் தேர்ந்தார் என்ற வரலாறு கமிட்களில் தெரிந்தால் திட்டத்துக்கு நல்லது. ஏஜென்ட் தந்ததை ஒரு கமிட்டாகவும் உங்கள் திருத்தத்தை அடுத்ததாகவும் உங்கள் கிளையிலாவது வைத்திருங்கள்.

நான்கைந்து ஆண்டு கழித்து, வேறொரு நாட்டில் யாரோ ஒருவர் விடாது நின்றுபோகும் போர்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். எந்த வரி யார் வழியாக வந்தது என்று காட்டும் கிட் ப்ளேம் ஓட்டுவார். ஒரு கமிட் எண், ஒரு பெயர் கிடைக்கும். ஃபிக்ஸஸ் என்ற வரியில் அந்தக் கமிட்டின் முதல் பன்னிரண்டு எழுத்துகளை எழுதி, கையெழுத்துப் போட்டவரையும் நகலில் சேர்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். அசிஸ்டட்-பை வரியில் இருந்த மாதிரி அதற்குள் சேவையிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கலாம். மின்னஞ்சல் உங்கள் பெட்டிக்குத்தான் வரும்.